யாழ்ப்பாணக் குடாநாட்டில் தீவனமும் நுண்போசணையும்: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கமத்தொழில் வரலாறு பெரும்பாலும் புகையிலையின் வரலாறாகவும் கிணற்றின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. திருவிதாங்கூருக்குச் சென்ற புகையிலைச் சிப்பங்களைப் பற்றியும், துலாவின் இடத்தை நீரிறைக்கும் இயந்திரம் பிடித்தமை பற்றியும் நாம் ஓரளவு அறிவோம். ஆனால் அப்புகையிலைக்கு எருவிட்ட மாடு எதைத் தின்றது, அத்தீவனம் எந்த மண்ணில் விளைந்தது, அம்மண்ணில் எது குறைந்திருந்தது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளன. விற்பனைக்கு வராத பொருளுக்குக் கணக்கு எழுதப்படுவதில்லை. கணக்கில் ஏறாத பொருள் வரலாற்றிலும் ஏறுவதில்லை. தீவனத்திற்கு நேர்ந்தது இதுவே.

இன்று தீவனப் பயிர்களுக்கு நாகம், செம்பு, மங்கனீசு முதலிய நுண்போசணைகளைத் துல்லியமாக அளந்து இடுதல் பற்றி விஞ்ஞானிகள் பேசுகின்றனர். இதனைப் புதிதாக வந்த ஒரு தொழில்நுட்பமாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. குடாநாட்டு மக்கள் பல தலைமுறைகளாக எதிர்கொண்ட ஒரு பழைய பிரச்சினையின் புதிய வடிவமே இது என்பதும், அதன் தீர்வு இரசாயனத்தில் மட்டுமன்றிச் சமூக அமைப்பிலும் தங்கியுள்ளது என்பதும் இக்கட்டுரையில் நாம் நிறுவ முயலும் கருத்துகளாகும்.

1. மண்ணும் அதன் மறைந்த குறையும்

குடாநாடு மயோசின் காலச் சுண்ணாம்புக் கற்பாறையின் மீது அமைந்தது. நிலையான ஆறு இங்கு இல்லை. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கியாறே ஆறெனப் பெயர் பெற்றுள்ளது. மூர்மானும் பானபொக்கையும் 1961இல் வெளியிட்ட இலங்கை மண் பாகுபாட்டையொட்டி, வலிகாமத்துச் செம்பாட்டு நிலங்கள் கல்சியச் செம்மஞ்சள் லற்றசோல் எனப்படும். இவற்றைவிட மணற்பாங்கான நிலங்களும், பரவைக்கடலை அடுத்த உவர்த் தரவைகளும், பாறை தலைகாட்டும் கலட்டிகளும் உண்டு. செம்பாட்டு மண் பார்வைக்குச் செழிப்பானது. நீர் இலகுவில் வடியும். உழுவதற்கும் கொத்துவதற்கும் இசைவானது. கோப்பாய், உரும்பிராய், இணுவில், சுன்னாகம் ஆகிய ஊர்களின் தோட்டச் செய்கை இம்மண்ணினால் வளர்ந்தது.

எனினும் சுண்ணாம்புக் கற்பாறை சார்ந்த மண்ணுக்கு ஓர் இயல்பு உண்டு. அது நடுநிலையிலிருந்து காரநிலை நோக்கிச் செல்வது. காரத்தன்மையை அளக்கும் பீஎச் பெறுமானம் ஓர் அலகு உயருமாயின், நாகத்தின் கரைதிறன் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகவும் இரும்பின் கரைதிறன் ஆயிரத்தில் ஒரு பங்காகவும் குறைகின்றது. ஆகவே மண் செந்நிறமாக இருப்பதற்குக் காரணமே இரும்பாக இருந்தும், அம்மண்ணில் நிற்கும் பயிர் இரும்பின்றி இலை வெளிறுதல் கூடும். வயிறு நிறைய நீரிருந்தும் உப்புக் கடலின் நடுவே தாகத்தால் வாடுபவன் நிலை இது. கிணற்று நீரும் இதே பாறையைக் கரைத்துக்கொண்டு வருவதால், ஒவ்வோர் இறைப்பும் மண்ணுக்குச் சிறிதளவு சுண்ணாம்பைச் சேர்க்கின்றது.

நாகம் முதலிய மூலகங்கள் பயிருக்கு இன்றியமையாதவை என்பதே இருபதாம் நூற்றாண்டில்தான் உறுதியாயிற்று. மங்கனீசு 1922இலும், போரன் 1923இலும், நாகம் 1926இலும், மொலித்தனம் 1939இலும் பயிர்ப் போசணைகளாக நிறுவப்பட்டன. யோக்கிமும் கந்தையாவும் 1930களிலும் 1940களிலும் இலங்கை மண்வகைகள் பற்றித் தொடர்ந்து ஆராய்ந்த காலத்தில், உலக அளவிலேயே இத்துறை இளமைப் பருவத்தில் இருந்தது. அங்ஙனமாயின், அதற்கு முன்னர் பல நூற்றாண்டுகளாக இம்மண்ணில் பயிரும் மாடும் எவ்வாறு பிழைத்தன என்னும் வினா எழுகின்றது.

2. சுமந்து வந்த வளம்

இதற்கான விடை குடாநாட்டு மக்களின் பசளை முறையில் உள்ளது. மாட்டெரு, ஆட்டெரு, குழை, காவோலை, சாம்பல், பிண்ணாக்கு என்பன அம்முறையின் கூறுகள். புகையிலை நடுவதற்கு முன்னர் தோட்டத்தில் இரவுதோறும் பட்டி அடைத்து, எருவும் சலமும் அம்மண்ணிலேயே விழும்படி செய்வர். பூவரசு, பாவட்டை முதலியவற்றின் குழையை மண்ணுள் தாழ்ப்பர். பழுத்து விழுந்த பனையோலையைக் கிடங்கு வெட்டிப் புதைப்பர். சணலை விதைத்து, ஒரு பகுதியை மாட்டுக்கு வெட்டி, எஞ்சியதைப் பசுந்தாட் பசளையாக உழுவர்.

இவற்றுள் குழை தனியே நோக்கத்தக்கது. அது தோட்டத்தில் விளைந்ததன்று, வெளியிலிருந்து வந்தது. தென்மராட்சிப் பக்கத்தைக் குழைக்காடு என வழங்கிய மரபு உண்டு. பச்சிலைப்பள்ளி என்னும் பிரிவு தன் பெயரிலேயே பச்சிலையைத் தாங்கி நிற்கின்றது. காட்டில் வெட்டிய குழை வண்டிலில் ஏறி வலிகாமத்துத் தோட்டங்களை அடைந்தது. வேறு மண்ணில் வேரோடிய மரங்கள் எடுத்த மூலகங்கள் இவ்வாறு சுண்ணாம்பு மண்ணுக்குக் கடத்தப்பட்டன. தவிடும் பிண்ணாக்கும் செய்ததும் இதுவே. மாடு அவற்றைத் தின்றது. அவற்றிலிருந்த நாகமும் செம்பும் எருவாகித் தோட்டத்தை அடைந்தன. மேலும், உக்கிய சேதனப் பொருள் உலோக அயன்களை இடுக்கியால் பிடிப்பதுபோற் பிடித்து, சுண்ணாம்பு அவற்றைக் கட்டிவிடாதபடி கரைநிலையில் வைத்திருக்கும். நாகம் என்னும் பெயரை அறியாமலே நாகத்தைக் கொடுத்தும் காத்தும் வந்த முறை இதுவெனலாம்.

தீவனமும் இம்முறையோடு பிணைந்தே இருந்தது. குடாநாட்டின் வேலி வெறும் எல்லைக்கோடு அன்று. கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவை வேலியில் நின்று, வெட்டுந்தோறும் தழைத்து, ஆட்டுக்கும் மாட்டுக்கும் உணவாயின. பனையோலையைக் கிழித்து மாட்டுக்கு இடும் வழக்கம் வறட்சிக் காலத்தின் பெருந்துணை. வரம்பிலும் ஒழுங்கையிலும் உழவாரத்தால் அறுகு செருக்கிக் கடகத்தில் அள்ளி வருதல் பெண்களின் அன்றாட வேலைகளுள் ஒன்று. ஆழ வேரோடும் மரமும் ஆழாத புல்லும் கலந்த இத்தீவனம், ஒன்றில் இல்லாத மூலகத்தை மற்றொன்றில் தருவதற்கு வாய்ப்பளித்தது.

ஆயினும் இம்முறையைப் பொற்காலமாகப் போற்றுதல் நேர்மையான வரலாறாகாது. குழை வெட்டியவர் யார்? எருவைக் கடகத்தில் சுமந்தவர் யார்? பனையேறி ஓலை வெட்டியவர் யார்? பெரும்பகுதி நிலமற்றோர், சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டோர். ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையில் அடிமைகளுக்கென ஒரு பகுதி உண்டு; இலங்கையில் அடிமை முறை 1844இலேயே சட்டப்படி முற்றாக ஒழிக்கப்பட்டது. சட்டம் ஒழிந்த பின்னரும் குடிமைத் தொழிற் கடமைகள் நெடுங்காலம் நீடித்தன. அன்றைய மண்வளம் இலவசமாகக் கிடைத்தது அன்று. கூலியின்றியோ குறைந்த கூலிக்கோ பெறப்பட்ட உழைப்பே வளமாக மாறியது. அவ்வுழைப்பாளர் தம் உரிமையைக் கேட்கத் தொடங்கியபோது இம்முறை தளர்ந்தமை இயல்பே, அதற்காக வருந்துவதற்கில்லை. அதன் இடத்தில் எது வந்தது என்பதே ஆராயத்தக்கது.

3. சாக்கில் அளந்த காலம்

வந்தது சாக்குப் பசளை. 1950களில் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் துலாவை அகற்றத் தொடங்கின. இறைப்பின் அளவு பெருகிற்று. அதனோடு யூரியா முதலிய இரசாயனப் பசளைகளும் பரவின. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாட்டின் கீழ் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை பெற்றபோது, குடாநாட்டுத் தோட்டங்கள் முன்னெப்போதும் இல்லாத அளவு பசளையை உட்கொண்டன. 1977இன் பின்னர் திறந்த பொருளாதாரம் அவ்விலையைக் குலைத்தது. ஆனால் பசளைப் பழக்கம் நிலைத்துவிட்டது.

சாக்குப் பசளை தருவது நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் என்னும் மூன்றையே. இம்மூன்றும் விளைச்சலைக் கூட்டின; கூடிய விளைச்சல் மண்ணிலிருந்து நுண்போசணைகளையும் கூடுதலாக எடுத்தது. அளவுக்கு மிஞ்சிய பொசுபரசு, பயிர் நாகத்தைப் பெறுவதைத் தடுப்பதும் அறியப்பட்ட உண்மை. ஆகவே குறை இரட்டித்தது. மறுபுறம், பயிர் எடுக்காத நைதரசன் நைத்திரேற்றாக மாறி, வெடிப்பு நிறைந்த சுண்ணாம்புப் பாறையினூடாகக் கிணறுகளை அடைந்தது. நாகராஜா முதலியோர் யாழ்ப்பாணம், கிளிநொச்சிப் பகுதிக் கிணறுகள் பற்றி 1988இல் வெளியிட்ட ஆய்வு இம்மாசினைத் தெளிவாகப் பதிவு செய்தது. குடிநீர் ஒரு லீற்றரில் 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. தோட்டக் கிணற்றையே குடிநீர்க் கிணறாகவும் கொண்ட ஒரு நாட்டில் இதன் பொருள் விளக்க வேண்டுவதில்லை. ஒன்றை மிகையாகவும் மற்றொன்றை இல்லாமலும் கொடுத்த காலம் அது.

இக்காலத்திலும் தீவனத்திற்குக் கிடைத்த இடம் ஓரமே. தோட்டத்தின் நடுவில் விற்பனைப் பயிர். மாட்டுக்கு வரம்பும் வேலியும். உழவு இயந்திரம் வந்ததும் எருதுகளின் தேவை குறைந்தது. மதில் எழுந்த இடங்களில் கிளுவை வேலி மறைந்தது. 1990இன் பின்னர் போரும் பொருளாதாரத் தடையும் வந்தன. பசளையும் மண்ணெண்ணெயும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. மக்கள் மீண்டும் எருவையும் குழையையும் நாடினர். வலிகாமம் வடக்கின் செம்பாட்டு நிலத்தின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, கட்டிலிருந்த மாட்டை அவிழ்த்துவிட்டு நடந்த குடும்பங்கள் பல.

2021 மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை நாடு முழுவதற்கும் தடைசெய்தது. விளைச்சல் வீழ்ச்சியும் விவசாயிகளின் எதிர்ப்பும் எழ, அதே ஆண்டு நவம்பரில் அத்தடையை நீக்கியது. சேதனப் பசளை தன்னளவில் நிறைவானது என்னும் எண்ணம் இத்தடையின் பின்னணியில் இருந்தது. நாம் மேலே கண்ட வரலாறு அவ்வெண்ணத்தைத் திருத்துகின்றது. சாணம் எதனையும் புதிதாகப் படைப்பதில்லை. மாடு தின்றதையே திருப்பித் தருகின்றது. நாகம் குறைந்த மண்ணில் விளைந்த புல்லைத் தின்ற மாடு, நாகம் குறைந்த எருவையே இடும். பழைய முறை நிலைபெற்றது அது சேதனமாக இருந்தமையால் மட்டுமன்று. வெளியிலிருந்து குழையும் தவிடும் வந்தமையாலும் ஆகும். அவ்வரவு நின்றபின், எரு குறையையே சுற்றிச் சுற்றி வழங்கும்.

4. பிற நாட்டு அனுபவம்

சுண்ணாம்பு நிலத்தில் கால்நடை படும் துன்பம் குடாநாட்டுக்கு மட்டும் உரியதன்று. தெற்கு அவுஸ்திரேலியாவின் சுண்ணாம்பு மணற் கரையோரங்களில், புல் நிறைந்திருந்தும் செம்மறிகள் மெலிந்து மடிந்தன. கரையோர நோய் என அதனை அழைத்தனர். 1930களில் மாஸ்டனும் அவர் குழுவினரும் அந்நோய்க்குக் காரணம் கிருமியன்று, கோபாற்று, செம்பு என்னும் இரு மூலகங்களின் குறையே எனக் காட்டினர். அதே காலத்தில், 1935இல், மேற்கு அவுஸ்திரேலியாவில் அண்டர்வூட்டும் ஃபில்மரும் கோபாற்றுக் குறையையே கண்டறிந்தனர். 1948இல் விற்றமின் பி12 பிரித்தெடுக்கப்பட்டு, அதனுள் கோபாற்று இருப்பது தெளிவானபோது காரணம் முழுமையாக விளங்கிற்று.

இங்கிலாந்தின் சமர்செற் மாவட்டத்தில் நிலைமை வேறு. அங்குள்ள சில சுண்ணாம்புக் களிமண் மேய்ச்சல் நிலங்களில் மாடுகளுக்குக் கடுங்கழிச்சல் கண்டது. பெர்கூசனும் துணைவரும் 1930களின் பிற்பகுதியிலிருந்து ஆராய்ந்து, புல்லில் மொலித்தனம் மிகுந்திருந்தமையே காரணம் எனக் கண்டனர். காரமண்ணில் நாகம் அடங்கும், மொலித்தனமோ எழும். மிகுந்த மொலித்தனம் மாட்டின் உடலில் செம்பைப் பயன்படாமற் செய்யும். செம்புச் சல்பேற்றைச் சிறிதளவு கொடுத்தபோது நோய் தணிந்தது.

இந்தியாவில் பந்த்நகரில் நேனே 1966இல் நெல்லின் கைரா நோய் நாகக் குறையினால் விளைவது என நிறுவினார். அடுத்த ஆண்டில் நுண்போசணைகளுக்கென ஓர் அனைத்திந்திய ஒருங்கிணைந்த ஆய்வுத் திட்டம் தொடங்கிற்று. மண்ணில் பயிருக்குக் கிட்டக்கூடிய நாகம், இரும்பு, மங்கனீசு, செம்பு ஆகிய நான்கையும் ஒரே சாற்றில் அளக்கும் முறையை லின்ட்சேயும் நோர்வெல்லும் 1978இல் வெளியிட்டனர்.

இவ்வனுபவங்களிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, புல்லுக்கு வேண்டுவதும் மாட்டுக்கு வேண்டுவதும் ஒன்றல்ல. கோபாற்று, செலனியம், அயடீன் ஆகியவை குறைந்தாலும் புல் பச்சையாகவே நிற்கும், வாடுவது மாடு. எனவே புல்லின் நிறத்தைக் கொண்டு தீவனத்தின் தரத்தை அளத்தல் ஏமாற்றத்தில் முடியும். இரண்டாவது, குறையும் மிகையும் அருகருகே உள்ளன. மாட்டுக்கு மருந்தாகும் செம்பின் அளவு, அதே நிலத்தில் மேயும் செம்மறிக்கு நஞ்சாகலாம்.

5. கிராமில் அளத்தல்

இனி அளவுகளை நோக்குவோம். ஒரு பசு நாளொன்றுக்கு உலர்நிலையில் 8 கிலோ தீவனம் தின்பதாகக் கொள்வோம். மாட்டுத் தீவனத்தில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் நாகமும், 10 மில்லிகிராம் செம்பும், 0.1 மில்லிகிராம் கோபாற்றும் வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. அதன்படி அப்பசுவுக்கு ஓர் ஆண்டு முழுவதற்கும் வேண்டிய கோபாற்று 300 மில்லிகிராமுக்கும் குறைவு. ஏறத்தாழ ஒரு டசின் அரிசி மணிகளின் எடை. இவ்வளவு சிறிய பொருள் இல்லாமையால் ஒரு குடும்பத்தின் பால் வருவாய் இல்லாது போகக்கூடும்.

கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்டு இலங்கையிலும் பரவிய கோ-3 போன்ற கலப்பின நேப்பியர்ப் புல், குறுகிய இடைவெளியில் மீண்டும் மீண்டும் வெட்டப்படுவது. 100 தொன் பசும்புல்லில் 20 தொன் உலர்பொருள் இருக்குமாயின், மேற்கூறிய தரத்தில் அது 600 கிராம் நாகத்தையும் 200 கிராம் செம்பையும் மண்ணிலிருந்து கொண்டுசெல்லும். அப்புல்லைத் தின்ற மாட்டின் சாணம் வழக்கமாகப் புல் நிலத்துக்குத் திரும்புவதில்லை. வெங்காயப் பாத்திக்கே செல்கின்றது. முன்னர் குழைக்காடு வலிகாமத்துக்குக் கொடுத்ததை, இன்று புற்பாத்தி வெங்காயப் பாத்திக்குக் கொடுக்கின்றது. கடத்தல் தொடர்கின்றது, அதன் தூரம் மட்டும் குறுகியுள்ளது.

தமிழ்நாட்டில் நெல்லுக்கு ஹெக்டேயருக்கு 25 கிலோ நாக சல்பேற்று பரிந்துரைக்கப்படுகின்றது. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்னும் எமது கணக்கில் அது பரப்புக்கு ஏறத்தாழ 630 கிராம். சாக்கோடு ஒப்பிட இது கையளவு. எனினும் இவ்வெண்ணைக் குடாநாட்டுப் புல்லுக்கு அப்படியே இரவல் கொள்ளுதல், முன்னர் மூன்று போசணைகளை அளவின்றிக் கொட்டிய அதே தவறாகும். துல்லியம் என்பது எந்த மூலகம், எவ்வளவு, எப்போது, எங்கே என்னும் நான்கையும் அந்தந்த நிலத்துக்கு உரியபடி அறிதல். செம்பாட்டுக்கு உரியது மணல் நிலத்துக்கு உரியதன்று. இரும்புச் சல்பேற்றைச் சுண்ணாம்பு மண்ணில் இட்டால் அது விரைவில் துருவாகிப் பயனற்றுப் போகும். நீரில் கரைத்து இலையில் தெளித்தல் வேண்டும். நாகத்தையோ மணலுடனோ உக்கிய எருவுடனோ கலந்து மண்ணில் இடலாம். பின்னதே எமது பழைய முறைக்கு அண்மையானது. கோபாற்று போன்றவற்றை நிலம் முழுவதும் தூவுவதைவிட மாட்டின் உப்புக் கட்டியில் சேர்த்தல் பல இடங்களில் சிக்கனமானது. ஆகவே துல்லியம் சில வேளைகளில் மண்ணுக்கு ஒன்றும் இடாமல் விடுவதையும் உள்ளடக்கும்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று காலங்கள் தெளிவாகின்றன. முதலாவது, வளத்தைச் சுமந்து வந்த காலம். அதன் விலையை நிலமற்ற உழைப்பாளர் கொடுத்தனர். இரண்டாவது, வளத்தைச் சாக்கில் வாங்கிய காலம். அதன் விலையை நிலத்தடி நீர் கொடுத்தது. மூன்றாவது, வளத்தைக் கிராமில் அளக்கும் காலம். அதன் வாயிலில் நாம் நிற்கின்றோம். இதன் விலையை யார் கொடுப்பது என்பது இன்னும் தீர்மானிக்கப்படவில்லை.

செய்மதிப் படமும் உணர்கருவியும் கொண்டு பெரும் பண்ணைகளில் நடைபெறும் துல்லியம் ஒருவகை. இரண்டு பரப்பு நிலத்தில் புல்லை நட்டு, ஒரு பசுவைக் கட்டி, பால் விற்றுப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் பெண்ணுக்கு அது எட்டாது. அவருக்கு வேண்டுவது விலையுயர்ந்த கருவியன்று. தமது மண்ணிலும் புல்லிலும் எது குறைகின்றது என்னும் ஒரு தாள் முடிவு, அவருக்கு விளங்கும் தமிழில், அவரால் இயலும் செலவில். கிராமில் அளப்பதற்குத் தராசு மட்டும் போதாது. பொதுமக்களுக்குரிய ஆய்வுகூடமும், வீடு தேடி வரும் விரிவாக்க அலுவலரும் வேண்டும். அறிவு பொதுவுடைமையாகாத இடத்தில் நாக சல்பேற்றும் இன்னொரு கடைச்சரக்காகவே முடியும். தேவை உள்ளவரும் வாங்குவர், தேவை இல்லாதவரும் வாங்குவர்.

திருநெல்வேலி விவசாய ஆராய்ச்சி நிலையமும், 1990இல் தொடங்கிப் போரின் அலைச்சல்களையும் கண்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடமும் இப்பணிக்கு உரிய நிறுவனங்கள். அவை மண்ணை மட்டுமன்றி வேலியையும் ஆராய்தல் வேண்டும். கிளுவையிலும் பூவரசிலும் பனையோலையிலும் எந்த மூலகம் எவ்வளவு உண்டு என்னும் அட்டவணை ஒவ்வொரு கிராமத்துக்கும் சேருமாயின், பழைய அறிவும் புதிய அளவும் ஒன்றையொன்று திருத்தும். மாடு தின்பதற்கும் கணக்கு வேண்டும் என்பதை நாம் ஏற்கும் நாளில், அம்மாட்டைப் பேணும் கைகளும் எமது வரலாற்றின் கணக்கில் ஏறும்.